புரட்டாசிக் கறிக்குழம்பு

புரட்டாசி மாதம் பிறந்ததும் தமிழ் நாட்டில் இரண்டு விதமான முகங்களைக் காணலாம். ஒன்று, சனிக்கிழமை காலையில் பெருமாள் கோயில் வாசலில் துளசி மாலையுடன் நிற்கும் முகம். அதில் பரம சாந்தி விளங்கும். மற்றொன்றும் அதே முகந்தான். ஆனால் மறுநாள் மத்தியானம் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பார்க்க வேண்டும். கோஸ் பொரியலையும் தெளிந்த ரசத்தையும் அது நோக்குகிற நோக்கில் சாந்தியும் இராது, பக்தியும் இராது. "ஐப்பசி பிறக்க இன்னும் எத்தனை நாள்?" என்ற ஒரே கேள்விதான் அதில் எழுதி ஒட்டியிருக்கும்.

தமிழ் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். இந்த உண்மையை மூடி மறைப்பதில் பிரயோஜனம் ஒன்றுமில்லை. ஆயினும் அவர்களிலேயே எத்தனையோ குடும்பத்தார் வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை என்று நாள் பார்த்து மாமிசத்தை ஒதுக்குகிறார்கள். புரட்டாசி முழுவதும் வீட்டில் கறி சட்டியை எடுக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் கையிருப்புக் குறைந்துபோய், விரதம் இல்லாமலே விரதம் இருக்கிறவர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, மரக்கறிச் சாப்பாடு என்பது ஒரு சாராருக்கு மட்டும் உரிய விஷயமன்று. அநேகமாக எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது ஒரு நாளாவது ஏற்படுகிற பிரச்னை.

மாமிசம் புசிப்பது பாவமா, இல்லையா என்ற விசாரணையில் நாம் இறங்கப் போவதில்லை. அதற்குத் தகுதி வாய்ந்த பெரியோர்கள் இரண்டாயிரம் வருஷமாக விசாரித்து வருகிறார்கள்; தீர்ப்பு இன்னும் அமுலுக்கு வரவில்லை. நம்முடைய கேள்வி மிகச் சிறியது. குறைந்த செலவில் மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, "ஐயோ, கறி இல்லையே!" என்ற ஏக்கம் சிறிதும் இல்லாமல் இலையை விட்டு எழுந்திருக்க முடியுமா?

முடியும் என்பது நமது கட்சி. ஏன் என்று சொல்லுகிறோம், கேளுங்கள்.

நண்பரின் நாக்கு

நமது நண்பர் ஒருவர் கணக்கு உத்தியோகம் பார்ப்பவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் பேச மாட்டார். புரட்டாசி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும், "நாக்குச் செத்துவிட்டது, ஸார்!" என்றார்.

"எப்போது?" என்று அனுதாபத்துடன் விசாரித்தோம்.

"புரட்டாசி முதல் தேதி. அன்றைக்குப் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை."

"இன்று மத்தியானம் உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?"

"ரசம், கோஸ் பொரியல், அப்பளம்."

"போகட்டும். ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நண்பருடைய முகத்தில் ஒரு பிரகாசம் உண்டாயிற்று. அன்று காலை ஆறு மணிக்கே அவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாராம். கடைக்காரரிடம் பக்கத்தில் நின்று, "இந்தத் துண்டு வேண்டாம், அந்தத் துண்டு போடுங்கள்" என்று சொல்லி வாங்கினாராம். அவருடைய தாயார் கூடத்தில் உட்கார்ந்து ஒரு முறம் சின்ன வெங்காயம் உரித்தார்களாம். அவருடைய மனைவி தேங்காயை வறுத்து, மல்லியையும் மிளகையும் சோம்பையும் வறுத்து, புதிதாக அரைத்தார்களாம். குழம்பு கொதிக்கிற வாசனை தெருக் கோடி வரையில் போயிற்றாம். விளையாடப் போன பையன்கள் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்களாம். ஒரு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு மணி வரையில் தூங்கினார்களாம்.

"ரொம்ப சந்தோஷம்" என்றோம். "இன்று கடைக்குப் போனது யார்?"

"ஒருவரும் போகவில்லை. வீட்டில் கிடந்ததை வைத்து ஒப்பேற்றினோம்."

"வெங்காயம் உரித்தது?"

"ரசத்துக்கு எதற்கு, ஸார், வெங்காயம்?"

"அரைத்தது?"

"அரைக்க என்ன இருக்கிறது?"

"சமையல் முடிய எவ்வளவு நேரமாயிற்று?"

"அரை மணி. அது சமையலே இல்லையே!"

"அப்படிச் சொல்லும்!" என்றோம். "இன்று உமது வீட்டில் கடைக்குப் போவது இல்லை; பொறுக்கி வாங்குவது இல்லை; உரிப்பது இல்லை; வறுப்பது இல்லை; அரைப்பது இல்லை; காத்திருப்பது இல்லை. இத்தனையும் இல்லாமற் போனதற்குப் பழியைத் தூக்கி ஆட்டின் தலையில் போடுகிறீரே, இது நியாயமா?"

நண்பர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மாமிசம் இல்லாத நாளில் நாம் மாமிசத்தை மட்டும் விடுவதில்லை. மாமிசத்துக்காகச் செய்கிற சிரத்தையையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். நாக்கு ஏங்குவது பெரும்பாலும் பின்னதற்காகத்தான்.

லண்டனில் ஒரு பட்டினி

இதற்குச் சாட்சியாக ஒரு பெரிய மனிதரை அழைக்கிறோம். 1888-ம் வருஷம் மோகன்தாஸ் காந்தி என்ற வாலிபர் பாரிஸ்டர் பரீட்சைக்காக லண்டன் போய்ச் சேர்ந்தார். மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் தங்கியிருந்த வீட்டு அம்மாள் நல்லவள். ஆனால் மரக்கறியை எப்படிச் சமைப்பது என்று அவளுக்குத் தெரியாது. காலையில் ஓட்ஸ் கஞ்சி. அது வயிற்றை நிரப்பிற்று. மத்தியானமும் இராத்திரியும் அரைப் பட்டினி. வாலிபர் தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மலிவான சாப்பாட்டுக் கடைகளில் வெறும் ரொட்டியைத் தின்று பார்த்தார். திருப்தி ஏற்படவில்லை. ஒரு நாள் பாரிங்டன் தெருவில் மரக்கறிச் சாப்பாட்டு விடுதி ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே போய், இங்கிலாந்துக்கு வந்த பிறகு முதன் முதலாக வயிறார உண்டார். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி ஸால்ட்டின் மரக்கறி உணவு பற்றிய புத்தகத்தையும் ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? அந்த வீட்டில் அவர் பட்டினி கிடந்ததும் மரக்கறியால். விடுதியில் பசி தீர்ந்ததும் மரக்கறியால். இரண்டு இடத்திலும் மாமிசம் இல்லை. ஓரிடத்தில் சமைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம்.

பிற்காலத்தில் மகாத்மா மசாலாவையே விட்டுவிட்டார். வெந்த கீரை அவருக்கு ருசித்தது. சுவையின் இருப்பிடம் நாக்கு அல்ல, மனந்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நம்மால் அவ்வளவு தூரம் போக முடியாது. நம் மனத்துக்கு இன்னும் மிளகும் சோம்பும் வேண்டியிருக்கின்றன. ஆகையால் மிளகிலிருந்தே தொடங்குவோம்.

கறி என்றால் என்ன?

தமிழ் நாட்டில் இன்று "கறி" என்று சொன்னால் ஆட்டு மாமிசம் என்றுதான் பெரும்பாலோர் பொருள் கொள்ளுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் சரித்திரத்தைப் பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். சங்க நூல்களில் கறி என்பதற்கு மிளகு என்பது ஒரு பொருள். முசிறித் துறைமுகத்துக்கு யவனர்கள் மரக்கலங்களில் வந்து, பொன்னைக் கொட்டிக் கொடுத்து வாங்கிச் சென்ற கறி ஆட்டுக்கறியன்று. சேர நாட்டு மலைகளில் விளைந்த மிளகு! பின்னால் அந்தச் சொல் மிளகு இட்டுச் சமைத்த எல்லாவற்றுக்கும் உரியதாயிற்று. காய்கறி என்கிறோம்; மரக்கறி என்கிறோம். ஆடு இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்து, முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

சொல்லாராய்ச்சி மட்டுமல்ல, ரஸாயன சாஸ்திரமும் இதையே சொல்லுகிறது. மசாலாவும் உப்பும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்த மாமிசத்தை ஆவலுடன் உண்ணும் தமிழர்கள் மிகச் சிலரே. கறிக்குழம்பில் நமக்குப் பிடிப்பவை நாலு விஷயங்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், எது ஆட்டுக்குச் சொந்தம், எது அடுப்புக்குச் சொந்தம் என்று தெரியும்.

முதலாவது, சிவக்க வறுத்த வாசனை. 1912-ம் வருஷம் லூயி மய்யார் என்ற பிரெஞ்சு ரஸாயனி இதன் இரகசியத்தை விளக்கினார். புரதத்தின் அம்சங்களும் சர்க்கரையின் அம்சங்களும் சூட்டில் ஒன்று சேரும்போது நிறம் சிவந்து, புதிய வாசனைகள் பல உண்டாகின்றன. இது மாமிசத்தில் நடக்கிறது. தேங்காய்த் துருவல் வறுபடும்போதும் நடக்கிறது. சின்ன வெங்காயம் எண்ணெயில் சிவக்கும்போதும், வடை வேகும்போதும், தோசை முறுகும்போதும் நடக்கிறது.

இரண்டாவது, நாக்கில் தங்கி நிற்கும் சாரம். 1908-ம் வருஷம் டோக்கியோவில் கிகுனே இகேதா என்ற பேராசிரியர் கடற்பாசி ரசத்தை ஆராய்ந்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நாலிலும் சேராத தனிச் சுவை ஒன்று உண்டு என்று கண்டார். அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். குளூட்டமேட் என்ற பொருள் அதற்குக் காரணம். அது மாமிசத்தில் இருக்கிறது. பழுத்த தக்காளியிலும் காளானிலும் நிறைய இருக்கிறது. தக்காளியை எண்ணெய் பிரிகிற வரையில் வதக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லுவதன் பொருள் இதுதான். தண்ணீர் சுண்டச் சுண்டச் சாரம் கூடுகிறது.

மூன்றாவது, கொழுப்பு. மசாலாவின் வாசனைகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. எண்ணெயில்தான் கரைந்து நிற்கின்றன. மரக்கறிக் குழம்பில் நல்லெண்ணெயும் தேங்காயும் அந்த வேலையைச் செய்யும். நிறைய வேண்டியதில்லை, ஆனால் கொஞ்சமாவது வேண்டும்.

நாலாவது, பல்லுக்கு வேலை. இதைத்தான் மரக்கறிச் சமையலில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கூட்டு, மசியல், பருப்பு, ரசம் எல்லாம் குழைந்து போனவை. பல்லைத் தொடாமல் தொண்டைக்குள் இறங்கிவிடுகின்றன. பையன்கள் கறித் துண்டைத் தேடுவது பாதிக்கு மேல் கடிப்பதற்காகவே. மொச்சை, கொண்டைக்கடலை, சேனைக்கிழங்கு, வாழைக்காய், காளான் ஆகியவற்றுக்கு இந்தக் குறையைத் தீர்க்கும் சக்தி உண்டு.

நாலையும் பார்த்துவிட்டோம். இவற்றில் ஆட்டுக்கு மட்டும் சொந்தமானது ஒன்றுகூட இல்லை.

சட்டியில் ஏற்றுவோம்

வாதம் எவ்வளவு பலமாயிருந்தாலும் வயிறு நிரம்பாது. ஆகவே நண்பருக்கு நாம் எழுதிக் கொடுத்த முறையை இங்கே தருகிறோம். ஐந்து பேருக்கு இது காணும்.

உலர்ந்த மொச்சை 250 கிராம் எடுத்து முதல் நாள் இரவே நிறையத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு வேகவைப்பது நலம். நசுக்கினால் நசுங்க வேண்டும். தானாகக் குழையக் கூடாது.

சேனைக்கிழங்கு அரைக் கிலோ. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவி, கட்டை விரல் கனத்துக்குத் துண்டு போட வேண்டும். புளித் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் சேர்த்து முக்கால் வேக்காடு வேகவைத்தால் நாக்கில் அரிப்பு இராது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, தோசைக் கல்லில் எண்ணெய் விட்டு, இரு புறமும் சிவக்கும்படி புரட்டி எடுக்க வேண்டும். இந்தச் சிவப்பில்தான் குழம்பின் மானம் இருக்கிறது. அவசரப்பட்டு வெள்ளையாக எடுத்துவிட்டால் கிழங்கு கிழங்காகவே இருக்கும்.

மசாலாவுக்கு, கொத்தமல்லி விதை இரண்டு மேஜைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு, பட்டை ஒரு துண்டு, லவங்கம் மூன்று, கல்பாசி சிறிது. இவற்றை இளந்தீயில் வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும் வரையில் வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் விழுதாக அரைத்துக்கொள்ள வேண்டியது.

பின்னர் நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தையும், பத்துப் பல் பூண்டையும், ஒரு துண்டு இஞ்சியையும் நன்றாக வதக்கி, மூன்று தக்காளியைப் போட்டு, அவை கரைந்து எண்ணெய் பிரிந்ததும் விழுதைச் சேர்த்து, பச்சை வாசனை போகும் வரையில் கிளறி, மொச்சையை வெந்த தண்ணீரோடு ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். கடைசிப் பத்து நிமிஷத்தில் சேனையைப் போட்டால் போதும். இறக்கியவுடன் பரிமாறக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைத்தால் காரம் உள்ளே இறங்கும். அந்த அரை மணி நேரந்தான் வாசனை தெருவுக்குப் போகும் நேரம். பையன்கள் திரும்பி வர வேண்டாமா?

இதே மசாலாவைக் கொண்டு வேறு பலவும் செய்யலாம். ஊறவைத்த கடலைப் பருப்பைக் கரகரப்பாக அரைத்து, ஆய்ந்து நறுக்கிய வாழைப்பூவைச் சேர்த்து உருட்டிப் பொரித்தால் கோலா உருண்டை ஆகிவிடும். சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்து, மீல் மேக்கர் என்ற பெயரில் விற்கும் உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தரம் நன்றாகப் பிழிந்து, மசாலாவில் அரை மணி ஊறவிட்டு வறுக்கலாம். பிழியாமல் போட்டால் பஞ்சைத் தின்ற மாதிரி இருக்கும். பிறகு நம்மைக் குறை சொல்லக் கூடாது. காளானை எண்ணெய் இல்லாமல் பெருந்தீயில் முதலில் வதக்கி, அது விடும் தண்ணீரெல்லாம் வற்றிய பிறகே எண்ணெயும் மிளகும் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இவற்றில் எதையும் ஆட்டுக்கறி என்று சொல்லிப் பரிமாற வேண்டாம். "கறி மாதிரியே இருக்கிறது" என்று சொன்னால் நாக்கு உடனே ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பிவிடும். ஒப்பிட்டால் தோல்விதான். மொச்சைக் குழம்பு மொச்சைக் குழம்பாகவே வந்து இலையில் அமரட்டும். அதற்கென்று ஒரு கௌரவம் உண்டு.

செலவுக் கணக்கு

நண்பர் கணக்கர் ஆயிற்றே! "எல்லாம் சரி, என்ன செலவாகும்?" என்று கேட்டார்.

இன்றைய விலைவாசியில் ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலைக்கு நாலைந்து கிலோ பருப்போ மொச்சையோ வாங்கலாம். ஐந்து பேருக்கு அரைக் கிலோ கறி வாங்குகிற இடத்தில், மேலே சொன்ன மொச்சையும் சேனையும் அதன் கால் பங்குப் பணத்துக்குள் அடங்கிவிடும். மசாலாச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் மரக்கறி என்றாலே மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. பனீரும் முந்திரிப் பருப்பும் அரைத்து விட்ட குழம்பு ஆட்டுக்கறியோடு விலையில் போட்டி போடும். மாமிசம் போலவே செய்து பெட்டியில் அடைத்து விற்கும் பதார்த்தங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து காய், மூன்று கூட்டு, இரண்டு பாயசம் என்று இலையை நிரப்பினாலும் பணம் போய்விடும். அடுப்படியில் நிற்கிறவர்களுடைய முதுகும் போய்விடும். ஒரே ஒரு பதார்த்தத்தை மனம் வைத்துச் செய்ய வேண்டும். அதனுடன் சோறும் தயிரும் ஒரு கீரையும் இருந்தால் போதும். லண்டனில் மகாத்மா ஒரே அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் தாமே கஞ்சி காய்ச்சி, ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலங்கழித்தார். அவர் கண்ட சூத்திரமும் இதுதான்: பதார்த்தங்கள் குறைந்தால் செலவு குறையும்.

பின்னால், 1934-ம் வருஷக் கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் ஆரம்பமாயிற்று. தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா அதன் காரியதரிசி. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம் என்று ஏழை வீட்டுச் சாப்பாட்டைச் சத்துள்ளதாக்கும் பிரசாரத்தை அந்தச் சங்கம் செய்தது. 1935-ல் மகாத்மா வார்தா மகன்வாடியில் சோயா மொச்சையை எல்லோருக்கும் போட்டுப் பரீட்சை செய்து, "ஹரிஜன்" பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். இன்று நாம் மீல் மேக்கர் வறுவல் செய்யும்போது ஒரு பழைய தேசியப் பரிசோதனையைத்தான் தொடர்ந்து நடத்துகிறோம்.

உடம்புக்குப் போதுமா?

"நாக்குக்குச் சரி, உடம்புக்குத் தெம்பு வேண்டாமா?" என்பது அடுத்த ஆக்ஷேபணை. நியாயமான ஆக்ஷேபணை. மூடி மறைக்காமல் பதில் சொல்லுகிறோம்.

உடம்பின் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் தினந்தோறும் வேண்டும் என்பது 2020-ம் வருஷம் நம் நாட்டு நிபுணர்கள் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு நாளில் 300 கிராம் அரிசியும், 80 கிராம் பருப்பு வகையும், ஒரு பெரிய கிண்ணம் தயிரும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சாப்பிட்டால் இந்தக் கணக்கு அநேகமாகச் சரியாகிவிடும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அம்சம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைந்த மெத்தியோனைன் அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. இட்லியும் பொங்கலும் கண்டுபிடித்த நம் முன்னோர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, காரியம் தெரிந்திருந்தது.

ஆனால் தெளிந்த ரசத்தில் நாலு பருப்பு மிதந்தால் அது 80 கிராம் ஆகிவிடாது. நூறு கிராம் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள், வெந்த பருப்பில் பெரும் பகுதி தண்ணீர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாம்பார் கெட்டியாக இருக்க வேண்டும். சுண்டல் பண்டிகைக்கு மட்டுமல்லாமல் வாரத்தில் நாலு நாள் வர வேண்டும்.

இரும்புச் சத்து மாமிசத்திலிருந்து எளிதில் உடம்பில் சேருவது போல் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் சேருவதில்லை. சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதிகமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் குறைந்துவிடும். பி-12 என்ற விட்டமின் செடி கொடிகளிலிருந்து கிடைப்பதில்லை. ஒரு மாதம் மாமிசத்தை நிறுத்துவதால் ஒன்றும் கெட்டுவிடாது. நிரந்தரமாக நிறுத்துகிறவர்கள் பாலும் தயிரும் தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றையும் விட்டவர்கள் வைத்தியரைக் கேட்டு மாத்திரை சாப்பிட வேண்டும். பால் குடிப்பதில்லை என்று விரதம் பூண்டிருந்த மகாத்மாவே, 1918-ல் வந்த கடும் நோய்க்குப் பிறகு, கஸ்தூரிபா சொல்லி, ஆட்டுப் பாலுக்கு இசைந்தார். ஆடு அங்கே மாமிசமாக வராமல் வைத்தியனாக வந்தது.

இன்னொரு விஷயம். பெரியவர்கள் விரும்பி மேற்கொள்ளுகிற விரதத்தை ஏழைக் குழந்தைகளின் தட்டில் திணிக்கக் கூடாது. 1989-ம் வருஷம் தமிழ் நாட்டுச் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது; முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. இது சரியான மரியாதை. கறிக்கு ஏங்காமல் சாப்பிடலாம் என்று நாம் சொல்லுவது, வாங்க முடிந்தும் வேண்டாம் என்கிறவருக்கும், கொஞ்சமாக வாங்கிக் கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கும். கறியும் இல்லை, பருப்பும் இல்லை என்றிருப்பவரிடம் போய் மரக்கறியின் மகிமையைப் பேசுவது குரூரம். பாரத நாடு உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு வகைகளை விளைவிக்கிறது. போதாமல் வெளி நாட்டிலிருந்தும் வாங்குகிறது. அப்படியிருந்தும் எத்தனையோ இலைகளில் சாம்பார் தெளிவாகவே விழுகிறது. 1867-ம் வருஷம் வடலூரில் இராமலிங்க சுவாமிகள் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே வருகிறவரிடம் முதலில் கேட்பது கொள்கையையன்று, பசியையே.

யார் அரைப்பது?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர், "ரொம்ப சரி, ஸார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையே வீட்டில் செய்யச் சொல்லுகிறேன்" என்றார்.

"யாரிடம் சொல்லுவீர்?" என்று கேட்டோம்.

நண்பர் விழித்தார்.

இங்கேதான் இருக்கிறது மர்மம். புரட்டாசியில் புண்ணியம் குடும்பத்துக்கெல்லாம், வேலை ஒருவருக்கு. தினமும் காலையில் பூஜைக்கு எடுத்து வைத்து, தளிகை போட்டு, மற்றவர்களுடைய செத்துப்போன நாக்குகளுக்கும் உயிர் கொடுக்க வேண்டுமென்றால் அந்த அம்மாள் என்ன செய்வாள்? ரசம் வைத்துக் கோஸை நறுக்கிப் போடுகிறாள். அது சோம்பலன்று, களைப்பு. கறி வாங்கும் நாளில் வீட்டுக்காரர் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார். சேனைக்கிழங்கு வாங்கும் நாளில் அவருக்கு உத்தியோக ஞாபகம் வந்துவிடுகிறது. சிரத்தை என்று நாம் இதுவரை சொல்லிவந்தது வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு இரண்டு கைகள் வேண்டும். நாலு கைகள் இருந்தால் சிலாக்கியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர் வீட்டில் நமக்குச் சாப்பாடு. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. கால் கிலோ சின்ன வெங்காயத்தையும் தாமே உரித்தாராம். மொச்சையை முதல் நாள் இரவு ஊறப் போட்டதும் அவர்தான். அவருடைய தாயார் கூடத்தில் உட்கார்ந்து, "நாற்பது வருஷமாக நான் உரித்தபோது ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, இவன் ஒரு நாள் உரித்ததற்கு வீடே கலங்குகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழம்பைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பையன் மூன்றாம் முறை சோறு கேட்டான். "அம்மா, இந்தக் குழம்பு இன்னும் இருக்கிறதா?" என்றான்; கறி என்ற பேச்சே அவன் எடுக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் பையும் கையுமாகக் கறிக்கடைப் பக்கம் போவதைப் பார்த்தோம். நம்மைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"போய் வாரும். நாம் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை" என்றோம்.

"இல்லை, ஸார். வழக்கமாக வாங்குவதில் பாதிதான் வாங்கப் போகிறேன்" என்றார் நண்பர். "பையன் மொச்சைக் குழம்பும் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ராத்திரியே ஊறப் போட்டுவிட்டேன்."